பத்தாவது பெட்டி

பகலில் செவித்துணைக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். இரவில் கிட்டார் பெடல் செய்து விற்கிறேன். அதாவது பகல் முழுக்க இரைச்சலைத் துடைத்துவிட்டு, இரவானதும் இரைச்சல் உண்டாக்கப் பெட்டி செய்கிறேன். 12 வருடமாக இப்படித்தான். சென்ற இதழில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகன் எந்நேரமும் பெடல், பெடல் என்கிறான். எனக்குத் தெரிந்தது சைக்கிள் பெடல்தான். இது என்ன? இதை வாங்க ஆள் இருக்கிறார்களா?

காலால் மிதிப்பது என்ற வகையில் இரண்டும் உறவுதான். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கோர்க்கிற சின்ன அலுமினியப் பெட்டி இது. வாசிப்பவருக்கு இரண்டு கையும் கிட்டாரில் இருப்பதால் ஸ்விட்சைக் காலால் அமுக்குகிறார். எதிரொலி தருகிற பெட்டி உண்டு, ஓசையை அலையலையாக ஆட்டுகிற பெட்டி உண்டு. நான் செய்வதெல்லாம் கரகரப்பு வகை: ஃபஸ், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன்.

கிட்டாரிலிருந்து வருகிற மின் அலை மிகச் சின்னது. ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குதான் இருக்கும். அதைப் பல மடங்கு பெருக்கி, எதிரெதிராக வைத்த இரண்டு சிலிகான் டயோடுகளிடம் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) அனுப்பினால், 0.6 வோல்ட் அருகே அவை வழியைத் திறந்துவிடும். அதற்கு மேல் அலையால் ஏற முடியாது. குன்றுபோல் இருந்த அலை, உச்சி வெட்டுப்பட்டு மேசைபோல் ஆகிவிடும். அந்த வெட்டில் மூல ஓசையில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கின்றன. உங்கள் மகன் காது கொடுத்துக் கேட்பது அவற்றைத்தான்.

இது ஒரு கோளாறிலிருந்து பிறந்தது என்பதில் பழுது பார்ப்பவளான எனக்குத் தனி மகிழ்ச்சி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஓர் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது ஒலிக் கலவை மேசையில் (கன்சோல்) ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட, பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. அதை அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு ஓடியது. மற்றவர்களும் அதே ஓசை வேண்டும் என்று வர, ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை இன்னொருவரோடு சேர்ந்து செய்து கிப்சன் கம்பெனிக்குக் கொடுத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து வாங்க ஆள் இருக்கிறார்கள். ஒருவரே ஏழெட்டு வாங்கிப் பலகையில் வரிசையாக அடுக்குவார். மகனின் பலகையை அளந்து வையுங்கள், அது வளரும்.

எனக்குச் சால்டரிங் (பற்றவைப்பு) நன்றாக வரும். மூன்று விதமான பெடல் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் ‘கடையில் வாங்கியதைவிட அருமை’ என்கிறார்கள். விற்கத் தொடங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நண்பர் யாருக்கும் கிடையாது.

அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி பத்து செய்யுங்கள். பத்தையும் வரிசையாக வைத்து, எல்லாக் குமிழ்களையும் நேர் நடுவில் நிறுத்தி, ஒரே வாசிப்பை ஒவ்வொன்றின் வழியாகவும் விட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக் கேட்டால் எது முதல் பெட்டி, எது பத்தாவது என்று தெரியக்கூடாது.

என் முதல் பத்தில் எனக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டு பெட்டி, குமிழை முக்கால்வாசி திருப்பியதும் விசில் அடித்தன. ஒன்று, கிட்டாரைத் தொடாமல் இருக்கும்போது மெல்லிய குரலில் ரேடியோ செய்தி வாசித்தது. மீதி ஏழும் வேலை செய்தன. ஆனால் ஒரு வீட்டில் பிறந்த ஏழு பிள்ளைகள் மாதிரி, ஜாடை ஒன்று, குணம் வேறு.

காரணம் தேடியதில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். விசில் அடித்த இரண்டிலும் வெளியே போகும் ஒயர் உள்ளே வரும் ஒயரோடு ஒட்டிப் படுத்திருந்தது. ஓசையைப் பல நூறு மடங்கு பெருக்குகிற பெட்டியில் வாலும் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தன் வாலைத் தானே கடிக்கும். ரேடியோ வாசித்த பெட்டியில் உள்ளே வரும் ஒயர் தேவைக்கு மூன்று மடங்கு நீளம், அதுவே ஆன்டெனாவாகிவிட்டது. ஒயரைக் குறைத்து, நுழைவாயிலில் சில நூறு பிக்கோஃபாரட் கெபாசிட்டர் (மின்தேக்கி) ஒன்றைத் தரைக்குப் போட்டேன். தரை என்றால் சர்க்யூட்டின் பொது இணைப்பு. செய்தி நின்றது.

அந்த ஏழு குணத்துக்குக் காரணம் பாகங்களே. நாம் வாங்கும் சாதாரணக் குமிழின் மின்தடை, அச்சடித்த மதிப்பைவிட 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரும் அப்படித்தான். ஒரே எண் அச்சடித்த டிரான்சிஸ்டர்கள் இரண்டில் ஒன்று 120 மடங்கு பெருக்கும், மற்றது 280. இரண்டும் நல்ல டிரான்சிஸ்டரே. தயாரிப்பாளர் கொடுக்கும் தாளிலேயே 100 முதல் 300 வரை என்று இருக்கும். ஒரே ஒரு பெடல் செய்யும்போது இது தெரியாது, ஒப்பிட இன்னொன்று இல்லையே. ஆகவே அளந்து, பிரித்து, தனித்தனி டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் வேண்டும். என் மேசையில் இருக்கிற கருவிகளில் சால்டரிங் அயர்னைவிட அதிகம் தேய்ந்தது மல்டிமீட்டரின் கைப்பிடி.

இன்னொன்று, அச்சு. கோணலாகத் துளை போட்டுக் கெடுத்த முதல் பெட்டியை எறியாதீர்கள். அளந்து சரியாகத் துளையிட்ட இன்னொரு பெட்டி மூடியை இரும்புத் தகட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஸ்கேல், பென்சில் வேண்டியதில்லை. சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, ஸ்டெப் டிரில்லால் ஒரு துளை, அவ்வளவே. ஒயர்களையும் அப்படியே: அட்டையில் ஆறு கோடு வரைந்து, அதே ஆறு நீளத்தில் பத்துப் பெட்டிக்கும் முன்கூட்டியே வெட்டி வைப்பேன். பத்தும் ஒரே மாதிரி வந்த அன்று விற்கத் தொடங்குங்கள். கெட்டுப்போன முதல் பெட்டியை ஆணியும் நட்டும் போட்டுவைக்க வைத்துக்கொள்ளலாம். என்னுடையது இன்னும் மேசையில் இருக்கிறது.

எந்தச் சர்க்யூட்டில் தொடங்குவது? எனக்கு டிலே (எதிரொலிப் பெடல்) செய்யத்தான் ஆசை.

ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். முதலில் ஒரே டிரான்சிஸ்டர் கொண்ட பூஸ்டர். ஓசையைப் பெரிதாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. அதில் ஜாக் (கேபிள் செருகும் துளை), ஸ்விட்ச், எல்இடி, பவர் சாக்கெட் எல்லாம் வந்துவிடும். பெடலில் கெடுவது பெரும்பாலும் இவைதாம் என்பதால் பாடம் முழுசாகக் கிடைக்கும்.

அடுத்து ஃபஸ். 1966இல் இங்கிலாந்தின் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸின் போர்டில் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு குமிழ், மொத்தம் 11 பாகம். சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஒரு மாலையில் கட்டிவிடலாம். ஆனால் ஆரம்பத்தில் சிலிகான் டிரான்சிஸ்டரே போடுங்கள். மூலப் பெடலில் இருந்தது ஜெர்மானியம். அது வெப்பத்துக்கு அலறும். 10 டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். என் வாடிக்கையாளர் ஒருவர் வெயிலில் நின்ற வண்டிக்குள் பெடலை வைத்துவிட்டு மேடைக்குப் போயிருக்கிறார். ஓசை மூக்கடைத்துக்கொண்டு, விட்டுவிட்டு வந்தது என்று திருப்பி அனுப்பினார். என் அறைக்கு வந்து ஆறியதும் அது ஒன்றும் அறியாத பிள்ளைபோல் வாசித்தது. இப்போது ஜெர்மானியப் பெட்டிகளில் டிரான்சிஸ்டரின் இயக்கநிலையைச் சரிசெய்ய, வெளியிலிருந்து திருப்பக்கூடிய பயாஸ் குமிழ் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்.

மூன்றாவதாக ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ். ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்தது. இதை வெறுமனே கட்டாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பெருக்கி ஐசி-யோடு (பல பாகங்கள் அடங்கிய சில்லு) 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்திருக்கும். இரண்டையும் வாய்பாட்டில் போட்டால் 720 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே இருக்கிற கனத்த ஓசைக்குப் பெருக்கம் படிப்படியாகக் குறையும். குழுவில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும்போது இந்தப் பெடல் மட்டும் எப்படி முட்டிக்கொண்டு முன்னே வருகிறது என்பதற்கு விடை அந்த இரண்டு சின்னப் பாகத்தில் இருக்கிறது. கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் எல்லை 340 ஹெர்ட்ஸ் அருகே இறங்கும், ஓசை தடிக்கும். இப்படி ஒரு பாகத்தை மாற்றி, மாறியது என்ன என்று காதால் சொல்லத் தெரிந்த பிறகுதான் ‘என் சொந்த வடிவமைப்பு’ என்ற பேச்சு.

அதற்குப் பிறகு டிலே. பிடி2399 என்ற ஐசி உங்களுக்காகக் காத்திருக்கும்.

தங்க முலாம் ஜாக், வெள்ளி ஒயர், பழங்காலக் கெபாசிட்டர் போட்டால் ஓசை மேம்படுமா?

விளம்பரம் மேம்படும்.

புகழ்பெற்ற பெடலைப் பார்த்து அப்படியே செய்து விற்றால் வழக்கு வருமா? செய்யலாமா, கூடாதா?

இரண்டும் வெவ்வேறு கேள்வி. முதலில் வழக்கு.

சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காப்பது காப்புரிமை. அது பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். 1960, 70களின் சர்க்யூட்டுகளுக்கு அப்படி ஏதாவது இருந்திருந்தாலும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பெயர், முத்திரை, பார்த்ததும் அடையாளம் தெரிகிற தோற்றம் ஆகியவை வணிகச் சின்னம் என்ற கணக்கில் வரும். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அவற்றுக்கு முடிவில்லை. ஆகவே பழைய ஃபஸ் சர்க்யூட்டைக் கட்டலாம். அதன் வட்டமான சிரித்த முகப் பெட்டியையும் பெயரையும் சேர்த்து எடுத்தால்தான் கடிதம் வரும். இன்னொரு கண்ணி பலருக்குத் தெரிவதில்லை: பொழுதுபோக்காளர்கள் வரைந்து பகிர்கிற போர்டு வரைபடங்கள். சர்க்யூட் பழையதாக இருக்கலாம், வரைபடம் அவர் உழைப்பு. ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஓரத்தில் எழுதியிருப்பார். போர்டு வரையும் கிகேட் மென்பொருள் இலவசம். நீங்களே வரையுங்கள். முதல் போர்டில் ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள், எல்லோரும் வைத்திருக்கிறோம்.

மறைத்துத் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பில் ஃபினிகன் 1994 முதல் விற்ற க்ளான் சென்டார் பெடலின் போர்டு மேல் கெட்டியான எப்பாக்சிப் பசையைக் கொட்டி மூடியிருந்தார். ஏறத்தாழ 8000 பெட்டிதான் செய்தார். அதையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்து சர்க்யூட்டை வரைந்துவிட்டார்கள். இன்று அதன் நகல்களுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் அசல் பெட்டியை இன்றைக்கும் தேடிப் போய் வாங்குகிறார்கள். எப்பாக்சி காப்பாற்றாததைப் பெயர் காப்பாற்றியது.

செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என் ஓவர்டிரைவ் பெட்டியோடு போகிற தாளில் ‘மூலம் இன்ன பெடல், நான் மாற்றியது இந்த மூன்று’ என்று எழுதியிருக்கும். இதனால் இதுவரை யாரும் வாங்காமல் போனதில்லை. எழுதாமல் விட்ட முதல் வருடத்தில்தான் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினார்.

எவ்வளவு விலை வைப்பது? பாகங்களின் செலவைப்போல் இரண்டு மடங்கு போதும் என்கிறார் என் நண்பர்.

நண்பர் பெடல் செய்பவரா, வாங்குபவரா?

பாகங்களை முதலில் பார்ப்போம். புதியவர்கள் டிரான்சிஸ்டர், கெபாசிட்டர் செலவைக் கூட்டிப் பார்த்து, ‘இவ்வளவுதானா’ என்று குதிப்பார்கள். ஓசை உண்டாக்குகிற பாகங்கள் மொத்தச் செலவில் சின்னப் பங்கு. பெட்டி, மிதி ஸ்விட்ச், இரண்டு ஜாக், குமிழ்கள், வர்ணம், அச்சு, அட்டைப்பெட்டி இவைதாம் விழுங்கும். காதுக்கு எட்டாத பாகங்களுக்குத்தான் காசு.

அடுத்து நேரம். பத்துப் பத்தாகச் செய்யும்போது ஒரு பெட்டிக்கு எனக்கு ஆகிற நேரத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். துளை, தேய்ப்பு, வர்ணம் 40 நிமிடம். போர்டில் பாகம் வைத்துச் சால்டர் செய்ய 50. ஒயரிங் 45. சோதனை 25. கடைசியாக 60 நிமிடம்: பொட்டலம் கட்டுவது, அனுப்புவது, ‘இது என் ஆம்ப்புக்குப் பொருந்துமா’, ‘பச்சை நிறத்தில் கிடைக்குமா’ என்பவற்றுக்குப் பதில் எழுதுவது. ஆக 220 நிமிடம், மூன்று மணி 40 நிமிடம். இதில் மிக நீளமான வேலை எது என்று கவனித்தீர்களா? நான் சால்டரிங் செய்யப் பிடித்துப்போய் இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

முதல் இரண்டு வருடம் இந்த மூன்று மணி 40 நிமிடத்துக்கு நான் எதுவும் போடவில்லை. ‘பொழுதுபோக்குதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் என் தூக்கத்தில் மூன்றரை மணி நேரத்தைத் தள்ளுபடியாகக் கொடுத்திருந்தது தெரிந்தது.

நான் இப்போது போடும் கணக்கு இது. பாகங்களின் செலவு. அதோடு, பகல் வேலையில் ஒரு மணிக்கு எனக்கு என்ன கிடைக்கிறதோ அதே வீதத்தில் நேரத்தின் கூலி. அதோடு, திரும்பி வரப்போகிற பெட்டிக்காக எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம். ட்ரில் பிட், அயர்ன் முனை போன்ற தேய்மானத்துக்குக் கொஞ்சம். வரி. இதற்கு மேல்தான் லாபம். கடையில் வைத்து விற்க நினைத்தால் கடைக்காரரின் பங்கும் வேண்டும். அது சின்னப் பங்காக இருக்காது. நேரில் விற்கும் விலையைக் குறைத்து வைத்துவிட்டு, பிறகு கடைக்குப் போனால் இரண்டில் ஒருவரிடம் கெட்ட பெயர் நிச்சயம். இப்படிக் கூட்டியதும் வருகிற தொகை உங்களுக்கே கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டுக்கொண்டே எழுதிவிடுங்கள். அந்த விலைக்கு விற்காது என்று தோன்றினால், அந்தப் பெடலை விற்பனைக்குச் செய்யாதீர்கள். எனக்காகச் செய்து வைத்துக்கொண்ட பெட்டிகள் என்னிடம் ஆறு இருக்கின்றன.

ஈயம் கலந்த சால்டர் நல்லதா, ஈயமில்லாததா? புகை உடம்புக்குக் கெடுதல் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

கைக்கு இதமானது ஈயம் கலந்தது. 63 பங்கு வெள்ளீயத்துக்கு 37 பங்கு ஈயம் என்ற கலவை 183 டிகிரியில் பளிச்சென்று உருகி, பளிச்சென்று இறுகும். ஈயமில்லாதது 217க்கு மேல்தான் உருகும். பற்று மங்கலாகத் தெரியும், புதியவருக்கு நல்ல பற்றும் கெட்ட பற்றும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் விற்கப்போகிறீர்கள் என்றால் முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையிலிருந்து இப்படிப்பட்ட மின்பொருள்களில் ஈயத்தை 0.1 சதவீதத்துக்குள் கட்டிவிட்டது. வேறு நாடுகளிலும் இதே மாதிரி விதிகள் உண்டு. எங்கே அனுப்புகிறீர்களோ அந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டு அயர்னைச் சூடாக்குங்கள். நான் முழுக்க ஈயமில்லாததுக்கு மாறிவிட்டேன். முதல் மாதம் திட்டிக்கொண்டே செய்தேன்.

வீட்டில் பயப்படுவது பாதி சரி. புகையில் வருவது ஈயம் அல்ல, பற்று ஒட்ட உதவும் ஃப்ளக்ஸில் இருக்கிற ரோசின். அது மூச்சுக்குழலுக்கு ஆகாது, ஆஸ்துமா வரவைக்கும். புகையை உறிஞ்சும் விசிறி வாங்குங்கள். ஈயம் உள்ளே போவது கை வழியாக. சால்டர் தொட்ட கையைக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

விற்ற பெடல்கள் திரும்பி வருமா? எதனால் வரும்?

வரும். வந்த 23 பெட்டியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 8 பெட்டியில் கோளாறே இல்லை, தவறான அடாப்டர். 7இல் மிதி ஸ்விட்ச். 5இல் ஜாக்கின் நட்டு தளர்ந்து, ஜாக் சுற்றி, ஒயர் அறுந்தது. 2இல் என் கெட்ட சால்டரிங். ஒன்று என்னவென்றே கண்டுபிடிக்க முடியாமல் புதுப் பெட்டி கொடுத்தேன்.

அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெடல் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: 9 வோல்ட், 2.1 மில்லிமீட்டர் முள், நடு முள்ளில் நெகட்டிவ். வீட்டில் கிடக்கிற மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ் இருக்கும். மாற்றிச் செருகுவார்கள், செருகாமல் இருக்க மாட்டார்கள். அதனால் 1என்5817 என்ற ஷாட்கி டயோடு ஒன்றை வாசலிலேயே வரிசையில் போட்டுவிடுங்கள். தலைகீழாகச் செருகினால் கதவு மூடிக்கொள்ளும், பெட்டி பிழைக்கும். இழப்பது வெறும் 0.2, 0.3 வோல்ட். சிலர் சாதாரண டயோடைக் குறுக்கே போட்டு வைப்பார்கள். அது தன்னை எரித்துக்கொண்டு பெட்டியைக் காப்பாற்றும் தியாகி. தியாகியை மாற்ற நீங்கள்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

18 வோல்ட் செருகுகிறவர்களும் உண்டு. 16 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரைத் தவிர்த்து 25 போடுவது அதற்காகத்தான். மின்னழுத்தத்தை மாற்றுகிற மேக்ஸ்1044 போன்ற ஐசி வைத்திருந்தால் 10.5 வோல்ட்டைத் தாண்டினாலே அது போய்விடும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘9 வோல்ட் மட்டும்’ என்று போடுங்கள். படிக்க மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள்.

என் மிகப் பெரிய மானக்கேடும் பவரில்தான். பழைய ஃபஸ்ஸை அச்சு அசலாகச் செய்கிறேன் பேர்வழி என்று, தரையில் பாசிட்டிவ் வருகிற ஜெர்மானிய சர்க்யூட்டை அப்படியே கட்டி ஒருவருக்கு விற்றேன். பேட்டரியில் அழகாகப் பாடியது. அவர் அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரின் கிளை ஒயரில் கோர்த்தார். மற்றவற்றின் தரை நெகட்டிவ், இதன் தரை பாசிட்டிவ், இரண்டையும் கிட்டார் கேபிளின் உறை இணைக்கிறது. நேர் ஷார்ட். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பலகையில் இருந்த ஏழு பெடலும் ஒன்றாக அணைந்தன. அடாப்டரைத் தவிர வேறெதுவும் சாகவில்லை. அவர் அன்று வெறும் கிட்டாரோடு வாசித்தார். திட்டிக்கூட எழுதவில்லை, ‘உங்கள் பெடலை மட்டும் தனியாக அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி. இன்னும் அந்த வரி மறக்கவில்லை. பணத்தைத் திருப்பி, அடாப்டரும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் செய்கிற எல்லாப் பெட்டிக்கும் தரை நெகட்டிவ்தான். அசல் போல் இல்லை என்று சொல்கிறவர் சொல்லட்டும்.

ஸ்விட்ச் சங்கதி சுருக்கமாக. ஒன்பது கால் கொண்ட மிதி ஸ்விட்சில் காலுக்கு மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக், அதில் மசகு. சூட்டில் அது உருகிக் கலைந்தால் உங்கள் மேசையில் நன்றாக வேலை செய்து, அவர் மேசையில் ஆறாம் மாதம் சாகும். என் ஏழில் குறைந்தது ஐந்து அப்படித்தான் செத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

போர்டை வெளியே அச்சடித்து வாங்கினால் அதைக் ‘கையால் செய்தது’ என்று சொல்லலாமா?

நான் சொல்கிறேன். துளையும் வர்ணமும் சால்டரும் சோதனையும் என் கை. செம்புத் தகட்டை அமிலத்தில் கரைத்துப் போர்டு எடுத்த காலமும் உண்டு. அதனால் ஓசை ஒரு துளிகூட உயரவில்லை, குளியலறைத் தரைதான் கறுத்தது. பாகம் வைப்பதையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியில் திருகு மட்டும் முடுக்குபவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் எனக்கு உறுத்தும். எல்லைக்கோட்டை அவரவர் வரைந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் வாங்குபவர் கேட்டால் கோடு எங்கே என்று காட்டத் தெரிய வேண்டும்.

ஆர்டர் அதிகமாக வருகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா?

அப்படி இறங்கி வென்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் ஜேமி ஸ்டில்மன் 2004இல் வீட்டின் நிலவறையில் தொடங்கிய எர்த்குவேக்கர் டிவைசஸ் பிறகு பலர் வேலை பார்க்கும் கம்பெனியானது. அங்கே போனபின் அவருடைய நாள் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பெட்டி செய்பவருக்கு அயர்ன் கையில் இருக்கும். ஆயிரம் செய்பவருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கும்.

நான் விடவில்லை. பகல் வேலை இருப்பதால்தான் ‘இந்த மாதம் முடியாது’ என்று என்னால் எழுத முடிகிறது. டிரான்சிஸ்டர் வாங்கப் போனால் அந்த வகையையே நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும். அன்றைக்கு இந்தப் பெட்டியை நம்பி வீட்டு வாடகை இருந்திருந்தால் சந்தேகத்துக்குரிய பாகத்தை எங்கிருந்தாவது வாங்கிப் போட்டிருப்பேன். பழைய ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) எண்களில் போலி அச்சடித்தவை நிறையச் சுற்றுகின்றன. ஒருமுறை வந்த ஐம்பதில் முப்பத்தாறு வெறும் மேலெழுத்து. எனக்குக் கோபம் வந்தது, பயம் வரவில்லை. உங்களுக்குப் பயம் வரும் நிலை என்றால் வேலையை விடாதீர்கள்.

நீங்கள் கிட்டார் நன்றாக வாசிப்பீர்களா?

மூன்று கார்டு (சுரக்கூட்டு). அதற்கு மேல் விரல் போகாது. அண்ணன் வாசிப்பார். 12 வருடத்துக்கு முன் அவருடைய உடைந்த பெடலைத் திறந்து பார்த்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

சோதனைக்கு அண்ணன் வாசித்த 20 நொடி ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதையேதான் விடுவேன், என் கை ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது என்பதால். பத்துப் பெட்டிக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு குமிழுக்கும் திரும்ப. அதில் பன்னிரண்டாம் நொடியில் அண்ணன் ஒரு சுரத்தைத் தவறாகத் தொட்டிருப்பார். திருத்தி மறுபடி வாசித்துத் தருகிறேன் என்று வருடா வருடம் கேட்கிறார். நான் விடுவதில்லை. பெட்டி சரியாக இருந்தால் அந்தத் தப்பு தெளிவாகக் கேட்கும்.